62 வயதில் சூப்பர் மீட்டியரா, ஹிமாலயனா?

அண்ணாச்சி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 62. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வலது முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. இப்போது ஓட்டுவது கிளாசிக் 350. பாளையங்கோட்டையிலிருந்து மதினியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மூணாறு, வால்பாறை, கொல்லிமலை போகவேண்டும், ஒரு தடவையாவது லடாக் பார்த்துவிட வேண்டும். ராயல் என்ஃபீல்டில் சூப்பர் மீட்டியர் 650 எடுப்பதா, ஹிமாலயன் 450 எடுப்பதா? "வயசாயிட்டு, எடை கம்மியானதை எடுங்க" என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஹிமாலயனையே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நான் உங்களுக்கு மூன்று வயது இளையவன். சூப்பர் மீட்டியர் 2023 முதல் என்னிடம் இருக்கிறது. மச்சினன் ஹிமாலயன் 450 வைத்திருக்கிறான். அதில் தேனி, போடிமெட்டு வழியாக மூணாறுக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். எனவே இரண்டையும் மலையில், மழையில், பின்சீட்டில் ஆளோடு ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். உங்களுக்கு நான் சொல்வது சூப்பர் மீட்டியர். ஆனால் ஏன் என்பதையும், அந்த வண்டியிடம் இருக்கும் பெரிய குறையையும் தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர் மீட்டியர் 241 கிலோ. ஹிமாலயன் 196. நீங்கள் இன்று ஓட்டும் கிளாசிக் 195. காகிதத்தில் பார்த்தால் ஹிமாலயன் உங்கள் கைக்குப் பழகிய எடை, மீட்டியர் கிளாசிக்கைவிட 46 கிலோ கூடுதல், அதாவது ஒரு அரிசி மூட்டையை ஏற்றிவைத்த மாதிரி. எல்லோரும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் உங்களுக்கு யோசனை சொல்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்ட எண் ஒன்று இருக்கிறது. சீட்டின் உயரம் கிளாசிக்கில் 805 மி.மீ, ஹிமாலயனில் 825, மீட்டியரில் 740.

ஓடும் வண்டிக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. இருபது கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் 241 கிலோவும் 196 கிலோவும் ஏறக்குறைய ஒன்றுதான். நேராக நிற்கும் வண்டிக்கும் எடை இல்லை, இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம். வண்டி சாய ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில்தான் எடை வருகிறது. அந்த நொடியில் பாதம் முழுவதும் தரையில் பதிந்து, முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் தொடையும் இடுப்பும் சேர்ந்து தாங்கும். கால் ஒரு முட்டுக்கட்டை மாதிரி நிற்கும். நுனிவிரலில் நின்றால் கெண்டைக்கால் மட்டும்தான் தாங்க வேண்டும். முப்பது வயதில் கெண்டைக்கால் அதைத் தாங்கிவிடும். நம் வயதில் அது தாங்கும் என்று நம்பி நான் வண்டி எடுக்கமாட்டேன்.

போடிமெட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன், மச்சினனின் ஹிமாலயன். மேலிருந்து ஒரு பேருந்து வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கியது. நின்றேன். இடது வளைவில் உள்பக்கம் சரிந்திருக்கும் அல்லவா, இடது காலை ஊன்றப் போனால் தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டு அங்குலம் கீழே இருந்தது. அதே நேரம் ஹேண்டில் திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கையும் பிடித்துவிட்டேன், இன்ஜினும் அணைந்தது. அந்த வண்டியில் டேங்க் 17 லிட்டர், அதுவும் உயரத்தில். அன்று நிறைய பெட்ரோல் வேறு. ஒருமுறை சாய ஆரம்பித்தால் மேலே இருக்கும் எடைதான் இழுக்கிறது. பிடிக்க முயலாமல் விட்டுவிட்டு ஒதுங்கினேன், அதனால்தான் என் முழங்கால் தப்பியது. வண்டி லெக் கார்டின் மேல் படுத்துக்கொண்டது. வேகம் பூஜ்யம். வயதானவர்களின் பைக் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். பெட்ரோல் பங்கில், சிக்னலில், வீட்டு வாசல் சரிவில், யூ-டர்னில்.

சரி, சீட்டைத் தாழ்த்தலாமே என்பீர்கள். ஹிமாலயனுக்குத் தாழ்வான சீட் தனியாகக் கிடைக்கிறது, 805 வரை வரும். சீட்டின் முன்பகுதி குறுகலாக இருப்பதால் அந்த எண் காட்டுவதைவிடக் கொஞ்சம் சுலபமாகவே கால் எட்டும். தனியாகப் போகிறவர் என்றால் அது போதும் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் தனியாகப் போகவில்லை.

மதினி ஏறுவதையும் இறங்குவதையும் நினைத்துப் பாருங்கள். பின்சீட் ஆள் ஏறும் நேரம்தான் வண்டி விழுவதற்கு மிகவும் வாய்ப்பான நேரம். ஐம்பது அறுபது கிலோ எடை ஒரே பக்கத்தில், ஒரே ஃபுட்ரெஸ்ட்டில் தொங்கும். அந்த நேரத்தில் ஓட்டுகிறவரின் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். ஹிமாலயனின் பின்சீட் உட்கார நல்ல சீட்தான், அகலமானது, ஆனால் ஏறுவதற்கு உயரம். அறுபதை நெருங்கும் ஒரு பெண் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போடும்போது, நீங்கள் நுனிவிரலில் நிற்கக்கூடாது. மீட்டியரில் என் வீட்டுக்காரி "ஏறட்டுமா?" என்று கேட்பாள், நான் முன் பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி "சரி" என்ற பிறகுதான் ஏறுவாள். இறங்கும்போதும் அப்படியே. இந்த ஒரு பழக்கத்தை மதினியிடம் முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள். அப்புறம், சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து மலைப்பாதை வேண்டாம். சுடிதார், இரண்டு பக்கமும் கால். ஒருபக்க எடையோடு கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்புவது நல்ல ஓட்டுநருக்கே கஷ்டம்.

மீட்டியரோடு வரும் பின்சீட் சிறியது. அம்பாசமுத்திரம் போய்வர அது போதும், மூணாறுக்குப் போதாது. டூரர் வகையில் அகலமான சீட்டும் முதுகுச் சாய்மானமும் முன் கண்ணாடியும் சேர்ந்தே வரும். எடுத்தால் அதை எடுங்கள். சாய்மானம் இருந்தால் பின்னால் இருப்பவர் தூக்கத்தில் அசைந்தாலும் பயமில்லை.

இனி மீட்டியரின் குறை. அது சின்னக் குறை இல்லை.

அந்த வண்டியின் பின் ஷாக் 101 மி.மீ தான் அமுங்கும். முன்பக்கம் 120. ஹிமாலயனில் முன்னும் பின்னும் 200 மி.மீ. இது மட்டும் என்றால் பரவாயில்லை. மீட்டியரில் கால் முன்னால் நீட்டி இருக்கும். பள்ளம் வருகிறது என்று தெரிந்தால் கிளாசிக்கில் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தி உடம்பை லேசாக எழுப்பிக்கொள்வீர்களே, அதை இதில் செய்ய முடியாது. கால் உடம்புக்குக் கீழே இல்லை, முன்னால் இருக்கிறது. அடி நேராக வால் எலும்பில் இறங்கி இடுப்புக்குப் போகும். மதினிக்கு இன்னும் மோசம், அவர் பின் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். நான்குவழிச் சாலையில் மதுரை வரை சோபாவில் உட்கார்ந்து போவது போல இருக்கும். அதே வண்டியில் பெயர்ந்துபோன மலைச் சாலை இருபது கிலோமீட்டர் போனால் இரவு இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டிவரும். தரையிலிருந்து உயரமும் 135 மி.மீ தான், ஹிமாலயனுக்கு 230. நம்மூர்க் கிராமத்து வேகத்தடைகளில் இரண்டு பேரோடு ஏறினால் அடி தட்டும். குறுக்காக, மெதுவாக ஏற்றி இறக்கப் பழக வேண்டும்.

ஆகவே உங்கள் கேள்வியில் முழங்கால் என்று எழுதியிருந்த இடத்தில் முதுகு என்று எழுதியிருந்தால், டிஸ்க் விலகல், கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால், என் பதில் அப்படியே மாறிவிடும். அப்போது தாழ்வான சீட் போட்ட ஹிமாலயன், தனியாள் பயணம் என்றுதான் சொல்வேன். நிமிர்ந்து உட்காரலாம், எழுந்து நிற்கலாம், பள்ளத்தை வண்டியே விழுங்கிக்கொள்ளும். மதினிக்கு முதுகு வலி உண்டா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், இது இருவரின் வண்டி.

முழங்காலுக்கு மீட்டியர் நல்லது. கால் நீட்டி இருப்பதால் மடக்கு குறைவு, மூன்று மணி நேரம் கழித்து இறங்கும்போது முதல் நாலு அடி நொண்ட வேண்டியிருக்காது. சீட் தாழ்வு என்பதால் காலைத் தூக்கிப்போட்டு ஏறுவதும் சுலபம். ஆனால் பின் பிரேக் வலது காலில், உங்கள் தேய்மானமும் வலது முழங்காலில். கால் முன்னால் இருக்கும்போது பெடலை அழுத்துவது எப்படி இருக்கிறது என்று அரை மணி நேரம் நகரத்துக்குள் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்தான் நமக்குத் துணை.

கைக்கும் ஒரு வார்த்தை. மீட்டியரில் கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் விரலுக்குத் தகுந்த மாதிரி கிட்டே தூரே வைத்துக்கொள்ளலாம். காலையில் விரல் மடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. இரண்டு வண்டியிலும் கிளட்ச் லேசானதுதான்.

இன்ஜினைப் பொறுத்தவரை, மீட்டியரின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் 47 குதிரைத்திறன், ஹிமாலயனின் 452 சிசி ஒற்றைச் சிலிண்டர் 40. நம் தேவைக்கு இரண்டுமே மிச்சம். எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. மீட்டியர் 2,500 ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போதே, நன்றாக இழுக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் கியரை மறந்துவிட்டு மூன்றாவதிலோ இரண்டாவதிலோ உருட்டிக்கொண்டே போகலாம். ஹிமாலயன் இன்ஜின் கொஞ்சம் சுற்றினால்தான் உயிர் வரும், மிகக் கீழே இழுத்தால் அணைந்துவிடும். ஓட்டத் தெரிந்தவருக்கு அது குறையே இல்லை, பழகிக்கொள்ளலாம். ஆனால் நாற்பது வருஷமாகப் புல்லட் வகை வண்டியைக் கீழ் ஆர்பிஎம்மில் ஓட்டிய கைக்கு அந்தப் பழக்கம் மாற நாளாகும். போடிமெட்டில் என்னை விழவைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்துக்காரர் என்பதால் காற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போயிருப்பீர்கள். காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டுவைக்கவில்லை. கணவாயிலிருந்து வரும் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது மீட்டியர் தாழ்வாக, கனமாக ஊன்றி நிற்கிறது. உயரமான வண்டியில் உயரமான ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி என்றால் லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு முழம் நகரும். இந்த ஓர் இடத்தில் அந்த 241 கிலோ உங்களுக்கு வேலை செய்கிறது. மீட்டியரிலும் பின் பெட்டியில் கனமானதை வைக்காதீர்கள். கனமானது பக்கப் பைகளில், அடியில்.

அந்த எடை உங்களைத் தோற்கடிக்கும் இடமும் உண்டு. புளியரையில் ஒரு டீக்கடை. சாலையிலிருந்து கடைக்கு இறக்கம். டீ வாசனைக்கு அப்படியே மூக்கை இறக்கத்தில் விட்டு நிறுத்திவிட்டேன். கிளம்பும்போது பின்னால் தள்ள வேண்டும், அதாவது ஏற்றத்தில். உட்கார்ந்து இரண்டு காலாலும் உந்தினேன், அசையவில்லை. இறங்கித் தள்ளினேன், சரளைக் கல்லில் செருப்பு வழுக்கியது. கடையில் இருந்த இரண்டு பையன்கள் வந்து முன்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் முதலில் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிறேன். முகம் ஏற்றத்தைப் பார்த்து, வெளியே வரும் வழியைப் பார்த்து நிறுத்துவேன். பத்தடி தள்ளி நடக்க வேண்டியிருந்தாலும் சமதரையில்தான். மீட்டியர் வாங்கினால் இது உங்களுக்கும் பழக்கமாகியே தீர வேண்டும்.

விழுந்தால் தூக்குவதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாவியை அணையுங்கள், கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இழுத்துவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தை அண்டக்கொடுத்து உட்கார்ந்த மாதிரி இறங்கி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கைப்பிடியையும் பிடித்து, காலால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகு வளையக்கூடாது, கைகள் வெறும் கொக்கிதான். முறை தெரிந்தாலும் உதவிக்கு ஆள் இருந்தால் காத்திருந்து கூப்பிடுங்கள்.

லடாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்காக வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது ஒரு பத்து நாள். மற்ற பத்து வருஷமும் நம்மூரில்தான். லே நகரத்தில் ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கும். வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டியை அங்கே ஓட்ட விடமாட்டார்கள் என்பதால், லேயிலேயே எடுப்பதுதான் சரி. லே 3,500 மீட்டர் உயரம், போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்குங்கள். மேலே கணவாய்கள் 5,000 மீட்டரைத் தாண்டும். இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்களோ அதை மருத்துவரிடம் காட்டி, இந்த உயரத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

வயது சார்ந்த விஷயங்களை எந்த வண்டியும் சரிசெய்யாது. எதிரே வரும் விளக்கின் கூச்சம் எனக்கு ஐம்பத்தைந்துக்குப் பிறகு கூடியது, மாலை ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாளுக்கு 300 கிலோமீட்டர், மலையில் 150. கழுத்து முன்போல் திரும்பவில்லை என்றால் கண்ணாடியின் தண்டை நீட்டிப் போட்டுக்கொள்ளலாம். லைசென்ஸ் 55 தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். உங்களுடையது எப்போது முடிகிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள், காலாவதியான லைசென்ஸோடு விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல்.

விலையைப் பொறுத்தவரை, 2023 ஜனவரியில் மீட்டியர் 3.49 லட்சத்திலும், அதே வருஷம் நவம்பரில் ஹிமாலயன் 2.69 லட்சத்திலும் தொடங்கின. 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனதில் இரண்டுமே ஏறிவிட்டன. வித்தியாசப் பணம் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டும், கவசமுள்ள ஜாக்கெட் இரண்டும் வாங்கிவிடலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி ஷோரூமுக்குப் போங்கள், மதினியையும் அழைத்துக்கொண்டு. ஓட்டிப் பார்க்கும் முன்பே, சாவி போடாமல் மீட்டியரைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். ஹேண்டிலை முழுக்க வலதுபக்கம் திருப்பிவைத்து நிமிர்த்தினால் சுலபமாக வரும். பிறகு பக்கத்தில் நின்றபடி பத்தடி பின்னால் தள்ளுங்கள், பத்தடி முன்னால் தள்ளுங்கள். மூச்சு வாங்கினாலும் செய்ய முடிகிறதா? சரி. முடியவில்லை, அல்லது பயமாக இருக்கிறது என்றால், இரண்டு புது வண்டியையும் விட்டுவிடுங்கள், கிளாசிக்குக்கே நல்ல சீட்டும் புது ஷாக்கும் போட்டு மூணாறு போய்வரலாம். அது தோல்வி இல்லை, நான் மனதாரச் சொல்கிறேன்.

தள்ள முடிந்தால், காலி இடமாகப் பார்த்து இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று யூ-டர்ன் அடியுங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். கிளட்ச் பாதியில், பின் பிரேக் லேசாக, பார்வை சக்கரத்தில் இல்லாமல் போக வேண்டிய இடத்தில். பிறகு மதினியை ஏற்றிக்கொண்டு அதையே மறுபடியும். அதன்பின் ஒரு மணி நேரமாவது, வெயிலில், ஒரு மோசமான சாலையும் இருக்கும்படியாக ஓட்டுங்கள். அதே நாள் ஹிமாலயனிலும் இதையே செய்யுங்கள். நான் சொன்னது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

மீட்டியர் எடுத்தால் டெலிவரி அன்றே மெக்கானிக்கிடம் பின் ஷாக்கின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் ஐந்து படிகளை எப்படித் திருப்புவது என்று கேட்டு, நீங்களே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மதினி வரும் நாளில் நான்காவது படியில் தொடங்குங்கள், அடி தட்டினால் ஐந்து. அதற்கான ஸ்பேனரை வீட்டில் விட்டுவிடாமல் வண்டியிலேயே வையுங்கள்.